ஒரே வீடு, மூன்று கோப்புகள்

சுனாமிக்குப் பிந்தைய வாரங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநலக் குழு அந்தமானுக்குப் போனது. அப்போது முகாம்களில் காலெடுத்து வைக்கும் யாருக்கும் ஓர் அச்சம் இருந்திருக்கும்: இத்தனை சாவைப் பார்த்தவர்களின் புத்தி எப்படி நிலைகொள்ளும்? 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. சிறிது நேரத்தில் கார் நிக்கோபாரின் மலாக்கா போன்ற கடலோர ஊர்கள் வரைபடத்தில் மட்டுமே மிஞ்சின. அங்கிருந்த விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கச்சல் தீவு பெரும் பங்கு மக்களை இழந்தது. தெற்குக் கோடியில் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து அரசுக் கணக்கில் சுமார் 3,500 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிக்கோபார் மாவட்டத்தினர். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

மருத்துவர் சுரேஷ் பாதா மட் தலைமையிலான குழு பின்னர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் வேறொரு சித்திரத்தைத் தந்தன. முதல் மூன்று மாதங்களில் நோய் என்று பெயர் சூட்டத்தக்க மனநிலை 5 முதல் 8 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. மற்றவர்கள் அழுதார்கள், தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள், காற்று பலமாக அடித்தால் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். துக்கப்படுகிறவர்கள் செய்வதைத்தான் செய்தார்கள். மருந்துச் சீட்டு எழுத வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை. நிக்கோபாரிகளின் கூட்டுக்குடும்பம், மத நம்பிக்கை, நெருக்கமான ஊர்க்கட்டு ஆகியவை இவர்களைத் தாங்கிப் பிடித்தன என்று அந்தக் குழு குறித்து வைத்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் எழுதியது. நிவாரணம் முடிந்து, ஏமாற்றம் வந்து உட்காரும் காலத்தில் இந்தச் சதவீதம் ஏறும்.

அந்தக் குழுவின் இன்னொரு ஆய்வு, சொந்த ஊரிலேயே இருந்தவர்களையும் இடம்பெயர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. 12,000க்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வு அது. இடம்பெயர்ந்தவர்களிடம் மனநோய் 5.2 சதவீதம், பெயராதவர்களிடம் 2.8 சதவீதம். மனச்சோர்வும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. பீதியும், உடம்பில் காரணமில்லாத வலிகளும் முகாமில் கூடுதல். ஆனால் மாறிய வாழ்க்கைக்கு ஒத்துப்போக முடியாத தவிப்பு, பெயராமல் ஊரிலேயே தங்கியவர்களிடம்தான் அதிகம். முகாமுக்கு டாக்டர் வருகிறார், அரிசி வருகிறது, அமைச்சர் வருகிறார். வீடு தப்பித்தவனை யார் விசாரிப்பார்கள் என்பதாக இதை நான் வாசிக்கிறேன். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, இது என் ஊகம்.

அந்தமானில் வன்முறையைத் தடுப்பது, மனநலம் காப்பது என்று இன்று நடக்கும் பேச்சு எல்லாவற்றுக்கும் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். திட்டம் என்று ஒன்று வருவதற்கு முன்பே அந்தத் தீவுகளில் ஒரு ஏற்பாடு இருந்தது. அது வேலை செய்தது. வேலை செய்ததை ஆய்வாளர்கள் அளந்தும் காட்டினார்கள்.

துஹெத் என்ற கூரை

கார் நிக்கோபாரில் அந்த ஏற்பாட்டின் பெயர் துஹெத். பல அடுப்புகள் சேர்ந்த பெரிய கூட்டுக்குடும்பம். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹெத்துக்குச் சொந்தம், தனி ஆளுக்கு அல்ல. மூத்தவர் ஒருவர் பொறுப்பில் இருப்பார். விதவை என்று ஒருத்தி தனியே நிற்பதில்லை. தாய் தகப்பனை இழந்த பிள்ளைக்குச் சாப்பாடு போடுவது யார் என்ற கேள்வியே எழுவதில்லை. துஹெத்துகளுக்கு மேலே ஊர், ஊருக்கு ஒரு கேப்டன். பிரிட்டிஷ் காலத்தில் நிலைபெற்ற பட்டம் அது, இன்றும் நடப்பில் இருக்கிறது. கேப்டன்களுக்கு மேலே பழங்குடி மன்றம். சண்டை சச்சரவு, எல்லைத் தகராறு, கணவன் மனைவி மனக்கசப்பு எல்லாம் முதலில் இந்தப் படிகளில்தான் ஏறும். போலீஸ் கடைசிப் படி.

மத்திய நிக்கோபாரில், நான்கவ்ரி பக்கத்தில், இதோடு இன்னொன்றும் இருந்தது. மென்லுவானா எனப்படும் வைத்தியர்கள், நோய் கொண்டுவரும் ஆவியை விரட்ட வீட்டுக்குள் கரேயு என்ற மரச்சிற்பங்களைக் காவலுக்கு நிறுத்துவார்கள். கிறிஸ்தவம் பரவிய பின்னும் இது முழுக்க மறைந்துவிடவில்லை. நவீன மருத்துவத்தின் கண்ணுக்கு அது மூடநம்பிக்கையாகவே படும். ஆனாலும் நோயாளியின் வீட்டுக்கே வந்து, சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நெடுநேரம் அவனுக்காகவே செலவழிக்கும் ஒரு ஆள் அந்தத் தீவில் இருந்தார் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிறகு நிவாரணம் வந்தது.

கருவிகளும் படகும் கொடுங்கள், நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று பல ஊர்கள் கேட்டன. கிடைத்தவை தகரக் கொட்டகைகள். நடுப்பகல் வெயிலில் உள்ளே இருக்க முடியாத கொட்டகைகள் அவை. அதற்குப் பிந்தைய நிரந்தர வீடுகள், கடலை விட்டு விலகி, வரிசை வரிசையாக, அப்பா அம்மா பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் கட்டப்பட்டன. இழப்பீடும் அதே கணக்கில்தான். அரசாங்கப் படிவத்தில் துஹெத் என்று ஒரு கட்டம் இல்லை. குடும்பத் தலைவர் என்றுதான் இருந்தது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஆணின் பெயர் ஏறியது. அவர் பெயரில் வங்கிக் கணக்கு திறந்தது. ரொக்கத்தின் தேவை அதிகம் இல்லாமல், கொப்பரையையும் பண்டமாற்றையும் வைத்து வாழ்ந்த சமூகத்தின் கைக்கு ஒரே நேரத்தில் லட்சங்கள் வந்து சேர்ந்தன. மோட்டார் சைக்கிள் வந்தது, டிவி வந்தது, சாராயம் வந்தது. தோப்பு அழிந்து வேலையும் இல்லாத இளைஞர்கள் கையில் பணமும் பொழுதும் மிஞ்சின.

நிக்கோபாரை சுனாமிக்கு முன்பிருந்தே ஆய்ந்துவரும் சிம்ரன் ஜித் சிங் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கடலின் அடியைத் தாங்கிய சமூகம் உதவியின் அடியில் உடைந்தது என்பதே அவர் எழுத்துகளின் சாரம். ஆஸ்திரியாவின் ராபேல் பார்த் இயக்கிய ஆவணப்படம் இந்த நிவாரணத்துக்கு வைத்த பெயர் ‘இரண்டாவது வெள்ளம்’. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. இழப்பீடு கொடுக்காமல் இருந்திருக்கவும் முடியாது. துஹெத்தின் பெயரில் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். அதற்கு ஒரு படிவத்தை மாற்றி அச்சடித்தால் போதுமாயிருந்தது.

2001 கணக்கெடுப்பில் நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 42,068. 2011இல் 36,842. அந்தப் பத்தாண்டில் மொத்த இந்தியாவும் பெருகியது.

துஹெத் இல்லாதவர்கள்

அந்தமான் நிக்கோபாரில் பெரும்பான்மையினருக்கு துஹெத் கிடையாது. 836 தீவுகளில் மக்கள் வாழ்வது முப்பத்துச் சொச்சத்தில்தான். 2011இல் 3,80,581 பேர். அவர்களில் பெரும்பகுதி எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவர்கள் அல்லது பிழைக்க வந்தவர்களின் வாரிசுகள். 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தின் கைதிகள், அவர்கள் வழி வந்த ‘லோக்கல் பார்ன்’ மக்கள், ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்தவர்கள், தேசப் பிரிவினைக்குப் பின் வந்த வங்க அகதிகள், பர்மாவின் கரேன்கள். தமிழர்கள் கப்பலேறி வந்து டெய்ரி ஃபார்ம், ஜங்கிலிகாட், ஹாடோ என்று போர்ட் பிளேயரின் தெருக்களில் நிறைந்தார்கள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வேரோடு பெயர்க்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. சுனாமி அவர்களையும் விடவில்லை. 1969 முதல் கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இறக்கப்பட்டன, அவர்களிலும் தமிழர் உண்டு. 2011 கணக்கில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 15 சதவீதம்.

இந்த மண்ணில் மன வாதைக்கு ஒரு பழைய ஆவணமும் இருக்கிறது. 1912இல் செல்லுலார் சிறையில் இந்து பூஷண் ராய் என்ற இளம் புரட்சியாளர் கொடுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு உல்லாஸ்கர் தத் சித்தம் கலங்கி, ஹாடோவில் இருந்த மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, பிறகு கப்பலில் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். கீழ்ப்பாக்கத்தில் இன்றும் இயங்கும் அதே மருத்துவமனைதான். நூறாண்டு கழிந்தும் அந்தக் கடல்வழி மாறவில்லை. பெரிய நோய் என்றால் தீவுக்காரர் இன்றும் ‘மெயின்லேண்ட்’ என்கிறார். அவர் மனதில் அது சென்னை, அல்லது வேலூர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள்.

இப்போது எண்களுக்கு வருவோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 தற்கொலை மரணங்கள். தமிழ்நாட்டில் 25.9. அந்தமான் நிக்கோபாரில் 42.8. சிக்கிம் மட்டுமே அதற்கு மேல், 43.1. 2021இல் அந்தமான்தான் முதலிடம், 39.7. 2019இலும் முதலிடம், 45.5. இதைத் தலைப்புச் செய்தியாக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு லட்சம் பேருள்ள இடத்தில் ஒரு மரணம் கூடினால் விகிதம் கால் புள்ளி ஏறிவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதில் பெரிய பொருள் இல்லை. ஆண்டுதோறும் தேசிய சராசரியைப் போல மூன்று மடங்குக்கு மேல் நிற்பதில் பொருள் இருக்கிறது. சுமார் 170 உயிர்கள். சின்ன ஊர் என்பதால் அவை ஒவ்வொன்றும் யாரோ பெயர் தெரிந்தவர்கள்.

ஏன் என்று கேட்டால் ஒற்றை விடை கிடைக்காது. 2022இல் நாடு முழுதும் பதிவான காரணங்களில் முதலாவது குடும்பப் பிரச்சினை, 31.7 சதவீதம். அடுத்தது நோய், 18.4. குடும்பப் பிரச்சினை என்பது காவல் நிலைய எழுத்தர் போட்டுவைக்கும் ஒரு மூட்டை. அடி, குடி, கடன், சந்தேகம், பிள்ளை இல்லாமை எல்லாம் அதற்குள் கிடக்கும். மூட்டையைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் உத்தரவு இல்லை.

டெய்ரி ஃபார்மிலோ ரங்கத்திலோ ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புருஷன் கூலி வேலை, மாலையானால் குடி. பெண்டாட்டிக்கு அடி. அவளுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்கிறாள். பதினாலு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். அரசாங்கத்தின் கண்ணில் இது மூன்று கோப்புகள். அடி, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மகளிர் நலத் துறைக்கு; அங்கே பாதுகாப்பு அலுவலர், 181 உதவி எண், ஒன் ஸ்டாப் சென்டர். தூக்கமின்மை, மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் சுகாதாரத் துறைக்கு. பிள்ளை, குழந்தைகள் உதவி எண் 1098க்கு அல்லது கல்வித் துறைக்கு. குடிக்கென்று நான்காவது கோப்பு திறந்தாலும் திறக்கலாம். வாசற்படியோ ஒன்றுதான்.

சாராயத்தைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் போல, அந்தமானில் மதுக்கடை நடத்துவது ஆனிட்கோ என்ற அரசுக் கழகம். சுற்றுலா, பால், பெட்ரோல் பங்க் என்று பல தொழில் அதற்கு உண்டு, அவற்றில் சரக்கும் ஒன்று. விற்பதும் அரசு, விற்றதால் வந்த வினைக்கு ஆலோசனை மையம் திறப்பதும் அரசு. இந்த முரண் தமிழ் வாசகருக்குப் பழகிப்போன ஒன்று என்பதால் இதற்கு மேல் இழுக்கவில்லை.

குடியை நிறுத்தினால் அடி நிற்குமா? நம் எல்லோருக்கும் நிற்கும் என்று ஒரு நினைப்பு. கோவாவில் சங்காத் அமைப்பு, விக்ரம் படேல் தலைமையில் நடத்திய இரண்டு ஆய்வுகள் இதை நேராகவே சோதித்தன. மருத்துவப் படிப்பு இல்லாத, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கினார்கள். ஒரு ஆய்வில் அவர்கள் குடிக்கும் ஆண்களோடு நான்கு அமர்வு வரை பேசினார்கள். மூன்று மாதம் கழித்து முழுக்கக் குடியை விட்டிருந்தவர்கள் 42 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18. நல்ல வெற்றி. ஆனால் வீட்டில் மனைவி மீதான வன்முறை குறைந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு ஆய்வில், கடும் மனச்சோர்வில் இருந்தவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள். மனச்சோர்வு தணிந்தவர்கள் 64 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 39. தற்கொலை எண்ணம் குறைந்தது. அதோடு, சிகிச்சை பெற்ற பெண்கள் கணவரிடம் வாங்கும் அடியும் குறைந்திருந்தது. 2016 இறுதியில் ‘லான்செட்’ இதழில் இரண்டும் வெளியாயின.

அந்த முடிவில் நான் நெடுநேரம் நின்றேன். அடிக்கிறவனைத் திருத்தப் போன இடத்தில் அடி குறையவில்லை. அடிபடுகிறவளின் மனச்சோர்வுக்கு மருந்து போட்ட இடத்தில் குறைகிறது. அவள் திருப்பிக் கேட்கும் தெம்பு பெற்றாளா, வெளியே போய் நாலு பேரோடு பழக ஆரம்பித்தாளா, அந்த வீட்டுக்குள் வெளியாள் ஒருவர் வாராவாரம் வந்துபோனதே ஒரு காவலாயிற்றா? இதற்கான விடை ஒரு சோதனையில் கிடைக்காது. அடியின் பழியைத் தூக்கி அவள் தலையிலேயே வைக்கும் ஆபத்தும் இந்த முடிவில் உண்டு, கவனமாகத்தான் கையாள வேண்டும். ஆனால் மகளிர் நலக் கோப்பும் மனநலக் கோப்பும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

யார் போய்ப் பேசுவது?

மனநல மருத்துவர் போர்ட் பிளேயரில் இருப்பார். 2024 செப்டம்பரிலிருந்து அரசு ஏட்டில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கே கோவிந்த் பல்லப் பந்த் மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. டிக்லிபூரிலிருந்து அங்கே வர டிரங்க் ரோட்டில் ஒரு பகல் முழுக்கப் போகும். கமோர்ட்டாவிலிருந்தோ கேம்ப்பெல் பேயிலிருந்தோ வர வேண்டுமானால் கப்பல் வரும் நாளைப் பார்த்து ஜெட்டியில் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் தள்ளிப்போகும். மனம் உடைந்த ஒருவரை, உயிரை விட நினைப்பவரை, அடுத்த கப்பல் வரை பொறுத்திரு என்று சொல்ல முடியாது. தீவிலேயே இருக்கிறவர்தான் போய்ப் பேச வேண்டும்.

இது முடியும் என்பதற்கு சென்னையிலேயே சான்று உண்டு. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பு, சுனாமிக்குப் பின் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்களைச் சாதாரணத் தன்னார்வலர்களைக் கொண்டு ஓராண்டு பார்த்துவந்தது. வீட்டுக்குப் போவது, உட்கார்வது, அவர்கள் பேசுவதைக் கேட்பது. பெரிதாக வேறொன்றும் இல்லை. ஓராண்டு கழித்து, தன்னார்வலர் போகாத இன்னொரு குடியிருப்போடு ஒப்பிட்டபோது சீனிவாசபுரத்தில் மனவேதனையின் அளவு குறைவாக இருந்தது. நிம்ஹான்ஸ் குழுவினரும் ஒடிசா புயல், குஜராத் பூகம்பம் தொட்டு இதே வழியில்தான் நடந்திருக்கிறார்கள். அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், ஊர்த் தொண்டர் ஆகியோருக்குச் சில நாள் பயிற்சி. கொட்டித் தீர்க்க விடு, அவர் நிலையில் நின்று பார், குறுக்கிடாமல் கேள், கவனத்தை வேறு வேலையில் திருப்பு, சுற்றத்தோடு சேர்த்துவிடு, உடம்பைத் தளர்த்தக் கற்றுக்கொடு, அவர் சாமியைக் கும்பிட விடு. ஏழே ஏழு. நல்ல பாட்டி ஒருத்தி இருந்தால் இந்த ஏழும் பயிற்சி இல்லாமலே நடக்கும். பாட்டி இல்லாத குடியேற்றத் தெருக்களுக்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது.

அங்கன்வாடி ஊழியர்தான் இதற்கு முதல் தேர்வு என்பேன். காரணம் எளிது. அவர் ஒரு வீட்டுக்குள் போவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். மனநல ஆலோசகர் என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு வீட்டில் நுழைந்தால், அந்த வீட்டுக்கு அன்று மாலையே ஒரு பட்டம் விழுந்துவிடும். நான்காயிரம் பேர் வாழும் தீவில் ரகசியம் என்று எதுவும் தங்காது. அங்கன்வாடி டீச்சர் குழந்தையை எடை போட வந்தார் என்றால் கதை முடிந்தது. குழந்தை எடை ஏறாததும், அம்மாவின் முகம் வாடியிருப்பதும், அவள் கையில் இருக்கும் காயமும் அவர் கண்ணில் ஒரே நேரத்தில் படும்.

ஊர்க் கேப்டன்களையும் விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் சிகாகோவில் 2000இல் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் ஒரு வேலை தொடங்கினார். துப்பாக்கிச் சண்டையும் தொற்றுநோய் போலத்தான் பரவுகிறது என்பது அவர் வாதம். ஒரு கொலைக்குப் பழி வாங்க அடுத்த கொலை நடப்பதற்குள் குறுக்கே போய் நிற்க, அந்தத் தெருவிலேயே வளர்ந்து, அங்கே மதிப்புள்ள ஆட்களைச் சம்பளத்துக்கு எடுத்தார். பிற்பாடு பல நாடுகள் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டன. சிகாகோவில் சம்பளம் கொடுத்துத் தேடிப் பிடித்த மனிதர் நிக்கோபாரில் ஏற்கெனவே கேப்டன் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்று மட்டும்: நிலத் தகராறில் கேப்டனின் சொல் எடுபடும். வீட்டுக்குள் நடக்கும் அடியை ஊர்ப் பெரியவர்கள் தீர்க்கும்போது ‘அனுசரித்துப் போ’ என்ற தீர்ப்பே வரும் என்பது தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துகளைப் பார்த்த யாருக்கும் தெரியும். நான்கவ்ரியில் பெண்கள் தலைமைக் கேப்டன்களாக இருந்த மரபு உண்டு. அது எல்லாத் தீவுகளுக்கும் பொது இல்லை. சட்டம் தரும் பாதுகாப்பு ஆணை கேப்டனின் சமரசத்துக்கு மாற்றாகாது, அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தொலைபேசி பெரிதும் உதவியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கும் ஏழு தீவுகளுக்கும், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உட்பட, கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் திறக்கவே தவமிருந்தார்கள். 2022 அக்டோபர் 10 முதல் நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு டெலி மானஸ் இயங்குகிறது. எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் இதே எண் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இருக்கிறது. மனம் தாளாத நேரத்தில் இதைப் படிக்கிறவர் யாரானாலும் அந்த எண்ணை அழைக்கலாம். வீட்டில் அடி என்றால் 181. புதுக்கோட்டையில் ஸ்கார்ஃப் அமைப்பு 2010இலேயே ஒரு பேருந்தில் காணொளி வசதி வைத்து ஊர் ஊராக மனநல மருத்துவரைக் கொண்டுபோய்க் காட்டியது. படகில் அதைச் செய்ய முடியாதா என்று யாராவது யோசிக்கலாம். ஆனால் ஒரே அறை வீட்டில், அடிக்கிற புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவன் பெயரில் வாங்கிய போனில் ஒருத்தி எந்த எண்ணை அழைப்பாள்?

சட்டம் மெல்ல வழிவிட்டிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின் பல்லை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிடுங்கி வைத்தது. கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு கவனிப்பும் மறுவாழ்வும் தர வேண்டும் என்றது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு பழைய வடிவில் இல்லவே இல்லை. ஆனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டார், தவறி விழுந்துவிட்டார் என்றே மருத்துவமனையில் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன வீட்டுக்கு மறுபடி யாரும் விசாரிக்கப் போவதில்லை. ஒருமுறை முயன்றவரே அடுத்தும் முயலக்கூடிய ஆபத்தில் அதிகம் இருப்பவர்.

இடம்பெயர்ப்பைப் பற்றிய அந்த 5.2க்கும் 2.8க்கும் இன்னும் வேலை இருக்கிறது. கிரேட் நிக்கோபாரின் மேற்கு, தெற்குக் கரைகளிலிருந்து சுனாமியால் பெயர்ந்த நிக்கோபாரிகள் கேம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகர் குடியிருப்பில் இருபதாண்டாக இருக்கிறார்கள். சொந்த ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்கிறார்கள். இப்போது அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், புது நகரம் என, 2022இல் 72,000 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்ட திட்டம். அதற்குக் கொடுத்த ஒப்புதலைப் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. சூழலியல் அறிக்கையில் ஆமையும் பவளமும் பேசப்படுகின்றன, பேசத்தான் வேண்டும். ஊர் திரும்பாத மனிதர்களின் மனநிலையை அளக்க நிம்ஹான்ஸ் குழுவைப் போல ஒரு குழுவை மறுபடி அனுப்புவதற்கு ஆகும் செலவு, அந்தத் திட்ட மதிப்பில் கண்ணுக்கே தெரியாது.

கடைசியாகச் சம்பளக் கணக்கு. 2018 அக்டோபரில் மத்திய அரசு அங்கன்வாடி ஊழியரின் மதிப்பூதியத்தை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக்கியது. அதற்கு மேல் அந்தந்த நிர்வாகங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்கின்றன. இந்தத் தொகைக்கு அவர் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, எடை பார்த்து, தடுப்பூசிக்கு ஆள் சேர்த்து, கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்து, எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். அரசு அவரை அரசு ஊழியராகக் கணக்கில் எடுப்பதில்லை; தருவது சம்பளமும் இல்லை, மதிப்பூதியம். அழுகிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் வேலையையும் அவரிடம் கொடுப்பதானால், எடுத்துவிட வேண்டியது அந்தப் பட்டியலில் எந்த வேலையை, கூட்டித் தர வேண்டியது எத்தனை ரூபாயை என்று போர்ட் பிளேயர் தலைமைச் செயலகத்தில் யாராவது ஒரு தாளில் எழுதியாக வேண்டும்.